வேப்பமரத்தடியில் ஒரு செங்கல்

தில்லி மயூர் விஹாரில் ஞாயிறுதோறும் கூடும் விவசாயிகள் சந்தையில், மொட்டை மாடியில் வளர்த்த கீரையை விற்க நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருந்தேன். முதல் நாள். வேப்பமரத்தடியில் காலி இடம், நடுவில் ஒரு செங்கல். என் மேஜை ஆடியது. செங்கல்லை எடுத்து அதன் காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.

பக்கத்து முள்ளங்கிக்காரர் பதறிவிட்டார். "பெஹன்ஜி, கடுகுக்கீரை விக்கிற அம்மா இடம் பிடிக்க வச்ச செங்கல் அது! யாரும் தொட மாட்டோம்."

அதற்குள் அந்தம்மாவே வந்துவிட்டார். நெடுநெடுவென்ற உருவம், தலையில் கடுகுக்கீரை மூட்டை. எந்நேரமும் ஒரு கீரைத்தண்டை மென்றுகொண்டே இருப்பவர், மேஜைக்கடியில் குனிந்து பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார். சுற்றியிருந்த கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சண்டை வந்தால் என் அனுமதி போச்சு.

"எடுத்துடறேன், தீதி," என்றேன்.

"எடுத்தா உன் கீரையெல்லாம் மண்ணுல கொட்டும். விடு."

வெயிலில் போய் உட்கார்ந்தார். சந்தை முடியும்வரை என் பக்கம் திரும்பவேயில்லை. கிளம்பும்போது செங்கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு போனால், அதன் பக்கத்தில் இன்னொரு செங்கல்.

"உங்களுக்கு இடம் பிடிக்கவாம். அந்தம்மாதான் வச்சாங்க," என்றார் முள்ளங்கிக்காரர்.

நன்றி சொல்லப் போனேன். அவர் கட்டுகளை அடுக்கியபடி, நிமிராமலே சொன்னார்:

"இதையும் மேஜைக்கு முட்டுக் கொடுத்துடாதே."

கோபமா, கேலியா? வாய் மென்றுகொண்டே இருந்ததால் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.