சூசைமுத்து நடத்திய வரவேற்பு

ஆராய்ச்சி நிலையத்து வேனுக்கு டிரைவராக வருவதற்கு முன்னால் சூசைமுத்து லாரி ஓட்டினார். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியும் கத்தரிக்காயும் ஏற்றி, கேரளாவில் இறக்கிவிட்டு வருவார். ஆட்களை ஏற்றிப் பழக்கமில்லை. அதனால்தான் 1961ஆம் வருஷம் அந்தத் தார்ப்பாய் விவகாரம் நடந்தது.

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகிற சாலையில், சோளக்காடுகளுக்கு நடுவே இருந்தது அந்த நிலையம். எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் கிராமங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வருஷா வருஷம் அங்கே வருவார்கள். திண்டுக்கல் ரயிலடியிலிருந்து அவர்களை அழைத்து வருவது சூசைமுத்துவின் வேலை. அந்த வருஷம் வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வேனின் கூரை ஒழுகியது. சூசைமுத்து ஓரங்கட்டி இறங்கினார். யோசிக்கவெல்லாம் இல்லை. உள்ளே இருந்த மூன்று பேர் மீதும் தார்ப்பாயைப் போர்த்தி, கயிறு போட்டு இழுத்துக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தார். நிலையத்து வாசலில் குடையோடு நின்ற இயக்குநர்தான் முடிச்சை அவிழ்த்தார்.

"ஒண்ணுகூட நசுங்கலைங்கய்யா" என்றார் சூசைமுத்து, பெருமையாக.

அதனால் மறு வருஷம் இயக்குநர் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொன்னார். "இங்க பாருப்பா. இந்தத் தடவை ரெண்டே பேர்தான். ஒரு பையன், ஒரு பொண்ணு. அவங்களுக்கு மனசு நிறையற மாதிரி வரவேற்பு கொடுக்கணும். புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. யாருக்காவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னால் குடத்தைத் தூக்கி வருகிற மனுஷன் அவர். நேரே பூக்கடை மாயக்காளிடம் போனார்.

"ஏத்தா, ஒரு வரவேற்பு. மாலை ரெண்டு வேணும். ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு."

"எங்கிட்ட விட்டுருங்கண்ணே. சம்பங்கியும் ரோசாவுமா ஜம்முன்னு கட்டிக் கொண்டாந்து நானே குடுக்கேன்" என்றாள் மாயக்காள்.

அடுத்து பேண்டு செட் மைதீன் பிச்சை. அவர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே, "வரவேற்பா? பொண்ணு மாப்ள ரயில்லயே வந்து எறங்குறாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா பாய், ரெண்டு பேரும் ஒரே ரயில்தான்" என்றார் சூசைமுத்து. பொண்ணு என்றது காதில் விழுந்தது. மாப்ள என்றதையும் அவர் வித்தியாசமாக நினைக்கவில்லை. மைதீன் பிச்சை எல்லோரையும்தான் மாப்ள என்பார்.

வேனின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முகப்பில் 'நல்வரவு' என்று துணி கட்டி, மாயக்காளோடும் பேண்டு செட்டோடும் ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

திருநெல்வேலியிலிருந்து கோமதிநாயகி வந்து இறங்கினாள். கிராமத்துச் சமையலறைகளில் புகை போக வழி என்ன என்று ஆராய வந்தவள். வேறொரு பெட்டியிலிருந்து தாணுமாலயன் இறங்கினான். நாகர்கோவில்காரன், கிணற்றுப் பாசனம் பற்றி ஆராய வந்தவன். ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்ததில்லை. 'வணக்கம்' என்று அவன் வாயெடுக்கும்போதே பேண்டு முழங்கியது. அதற்குமேல் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

சூசைமுத்து பரபரப்பில் பெரிய மாலையைப் பெண்ணுக்கும் சின்ன மாலையைப் பையனுக்கும் போட்டுவிட்டார். கோமதிநாயகிக்கு மாலை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தாணுமாலயனுக்குக் கழுத்தைப் பிடித்தது. மாயக்காளுக்குப் பொறுக்கவில்லை.

"அய்ய, மாலை மாறிப்போச்சு! மாத்திப் போடுங்கம்மா, மாத்திப் போடுங்க!" என்று கையை ஆட்டிக் கத்தினாள்.

இரண்டு பேரும் சொல்பேச்சுக் கேட்கிறவர்கள். அவள் தன் மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். அவன் தன்னுடையதைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டான்.

மைதீன் பிச்சை கையை உயர்த்தினார். டிரம்காரன் கெட்டிமேளம் தட்டிவிட்டான். பழனிக்குப் போக நின்றிருந்த பெண்கள் கூட்டம் ஒன்று குலவை போட்டது. யாரோ ஒரு பெரியவர் கையில் இருந்த பொரியையே அட்சதையாகத் தூவினார். கோமதிநாயகி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பொரி உள்ளே போயிற்று.

ஊர்வலம் கடைவீதி வழியாகப் போயிற்று. வழியில் இருந்த கிராமங்களிலும் வண்டியை மறித்து வாழ்த்தினார்கள். ஓரிடத்தில் பழனியம்மாள் என்கிற, வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டு அம்மாள், கோமதிநாயகியின் தாடையைத் தொட்டு முத்தமிட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்தாள். தாணுமாலயன் அதை மடியில் வைத்துக்கொண்டு, இந்த ஊரில் கல்விக்கு இவ்வளவு மரியாதையா என்று கண்கலங்கினான்.

நிலையத்து வாசலில் இயக்குநர் நின்றார். மாலையும் வாழைக்கன்றும் பூசணிக்காயும் அவரைத் திகைக்க வைத்தன.

"என்னப்பா சூசைமுத்து, இவங்க ரெண்டு பேரும் தம்பதியா?"

"திண்டுக்கல் வர்றவரைக்கும் இல்லைங்கய்யா" என்றார் சூசைமுத்து. அவருக்கே அப்போதுதான் விஷயம் உறைத்தது.

கோமதிநாயகி மாலையைக் கழற்றிச் சூசைமுத்துவின் கையில் கொடுத்துவிட்டு, விடுவிடுவென்று விடுதிக்குள் போனாள். இயக்குநர் நின்று நிறையப் பேசினார். கடைசியில், "ஊர் ஊராப் போய், அவங்க புருஷன் பெண்டாட்டி இல்லைன்னு சொல்லிட்டு வா" என்று உத்தரவிட்டார்.

சூசைமுத்து அந்த வாரம் முழுக்க வேனை எடுத்துக்கொண்டு அலைந்தார். பழனியம்மாள் வீட்டு வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, "ஆத்தா, அன்னைக்கு வந்தாங்கள்ல, அவுங்க புருசன் பொஞ்சாதி இல்ல" என்றார்.

பழனியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "அடக் கொடுமையே! மாலை வாடுறதுக்குள்ளயா பிரிஞ்சுட்டாக?"

"பிரியலை ஆத்தா. சேரவே இல்லை."

"அதுவும் சரியில்லையா!" என்று அவள் அழவே ஆரம்பித்தாள்.

இப்படியே எல்லா ஊரிலும் நடந்தது. விளக்க விளக்கக் கதை மோசமானது. வீட்டில் அவர் மனைவி செபாஸ்தியம்மாளிடம், "பேசாம அண்ணன் தங்கச்சின்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லிப் பாருங்க. மாலை மாத்துனதை ஊரே பார்த்திருக்கு. உங்களைக் கட்டிவச்சு உரிப்பாங்க" என்றாள் செபாஸ்தியம்மாள்.

கோமதிநாயகி தன் ஆராய்ச்சிக்காகப் பயந்துகொண்டேதான் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆனால் அவளை வாசலில் யாரும் நிறுத்தவில்லை. கைவிடப்பட்ட பிள்ளை என்று நேரே அடுப்படிக்குக் கூட்டிப்போய் மணை போட்டு உட்கார வைத்தார்கள். சுடச்சுடச் சோறும் வெஞ்சனமும் வைத்தார்கள். ஆறுதல் சொல்கிற சாக்கில் தங்கள் புருஷன்மாரைப் பற்றியும் ஒன்றுவிடாமல் கொட்டினார்கள். புகையில் கண்ணைக் கசக்கியபடியே அவள் அடுப்பை அளந்தாள். அவள் அழுகிறாள் என்று இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டார்கள்.

தாணுமாலயன் பாடுதான் திண்டாட்டமானது. எந்தக் கிணற்றடிக்குப் போனாலும், "ஏலே, தங்கமான புள்ளைய ஏன் தள்ளி வச்ச?" என்று கேட்டார்கள். ஒருத்தரும் தண்ணீர் இறைக்கிற கமலையைத் தொட விடவில்லை. ஒரு ஊரில் அவனை உட்கார வைத்துப் பஞ்சாயத்தே பேசினார்கள். அவன் சூசைமுத்துவிடம் வந்து, "அண்ணே, கிணத்தை எட்டிக்கூடப் பாக்க விடமாட்டேங்குதாவ. நான் ஊருக்கே போறேன்" என்றான்.

சூசைமுத்துவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் விடுதி வாசலில் போய் நின்றார். "அம்மா, தப்பெல்லாம் என்னோடது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் அந்தத் தம்பி பொழைக்கும்."

கோமதிநாயகி அவரை முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வேனில் ஏறி உட்கார்ந்தாள். பழனியம்மாளின் கிணற்றடியில் நாலு பேர் கேட்க, "அவர் நல்லவர்தான். படிப்பு முடியட்டும், மத்ததை அப்புறம் பேசிக்கிடலாம். இப்ப அவருக்குக் கிணத்தைக் காட்டுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஐந்து ஊர்க்காரர்கள் வந்து, "மாப்ள, எங்க கெணத்தைப் பாருங்க" என்று அவனை இழுத்தார்கள். ஒருவர் அவனை உள்ளேயே இறக்கிவிட்டார்.

இரண்டு ஆராய்ச்சியும் நல்லபடியாக முடிந்தன. கோமதிநாயகிக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனிக்காரரோடு நிஜமாகவே கல்யாணம் நடந்தது. சூசைமுத்துவையும் செபாஸ்தியம்மாளையும் அழைத்திருந்தாள். "அண்ணாச்சி, முன்வரிசையில உக்காருங்க. ஆனா முகூர்த்தம் முடியுறவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காரணும்" என்றாள். அப்படியே உட்கார்ந்திருந்தார். தாணுமாலயன் நாகர்கோவிலில் வாத்தியாராகி, அத்தை மகளைக் கட்டிக்கொண்டான். பழனியம்மாள் மட்டும் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு ரயிலடிக்குச் செபாஸ்தியம்மாளும் கூடப் போக வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். முன் சீட்டில் அவள், பேச்சும் அவளுடையதுதான். சூசைமுத்து வண்டி மட்டும் ஓட்டினார். புதிதாக இறங்குகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "சாப்டியாப்பா?" அடுத்தது, "கல்யாணம் ஆயிருச்சா?" 1968க்குள் ஆராய்ச்சி மாணவர்களில் இரண்டு ஜோடிகளுக்கு அவளே பேசி முடித்துவைத்தாள். இயக்குநர் இரண்டு கல்யாணத்துக்கும் வந்து, சூசைமுத்துவைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.