லைட் போஸ்ட் விளையாட்டு

ஜூலை மாதத்து வகுப்பறை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நனைந்த ரெயின்கோட் வாடைதான். ஜன்னல் கம்பி முழுக்க நாற்பது ரெயின்கோட் தொங்கும். தரையெல்லாம் சொட்டும்...

கல்கத்தாவில், டாக்குரியாவில் ரயில் பாதைக்கு அந்தப்புறம் ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடம். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் 'ஹெல்த் அண்ட் சேஃப்டி'. யாருக்கும் வேண்டாத பீரியட். புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் என் தலையில் கட்டினார்கள். புத்தகம் கிடையாது. பல் தேய்க்கும் படம் போட்ட ஒரு சார்ட் இருந்தது. அதிலும் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

எனக்கோ எதையும் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகப் பிடிக்காது. நகம் வெட்ட, கை கழுவ, எல்லாவற்றுக்கும் ஒரு விளையாட்டு வைத்தேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான், மறைப்பானேன்.

அதில் பெரிய ஹிட், லைட் போஸ்ட் விளையாட்டு.

அந்த வருஷ மழையில், முழங்கால் தண்ணீரில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். மூடி இல்லாத மேன்ஹோலுக்குள் ஒரு கால் இறங்கிவிட்டது. பக்கத்திலிருந்த லைட் போஸ்ட்டைக் கட்டிப்பிடித்துத்தான் தப்பித்தேன். மறு வெள்ளிக்கிழமை அதுவே பாடமானது.

பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் செய்தித்தாள் பரப்புவோம். அதுதான் தண்ணீர். அடியில் எங்கோ ஒரு சாக்பீஸ் வட்டம், அது மேன்ஹோல். ஓரத்தில் நான்கு பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், அவர்கள் லைட் போஸ்ட். "நடுவுல போகாதே, ஓரமாப் போ, போஸ்ட்டப் பிடி!" என்று வங்காளத்தில் மொத்த வகுப்பும் கத்தும். வகுப்பிலேயே நெட்டையான மௌஷுமி எப்போதும் லைட் போஸ்ட்.

ஷம்பா என்று ஒருத்தி இருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்தவள். நான் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். பள்ளி வாசலில் ஃபுச்கா, அதுதான் நம் பானிபூரி, விற்பவரிடம், "காக்கு, கை கழுவினீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தாலே முறைப்பார்.

ஆகஸ்டில் ஒரு நாள்... பள்ளி விட்டதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து போனவள் வீடு போய்ச் சேரவில்லை. அவள் பிடித்த லைட் போஸ்ட்டில் கரண்ட் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

துக்கம் கேட்கப் போனேன். அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னா சொன்னதுதான் மிஸ் அவளுக்கு. அன்னிக்கும் பாருங்க... 'அம்மா, நடுவுல வராதே, மிஸ் சொல்லியிருக்காங்க'ன்னு என் கைய உதறிட்டு ஓரமாப் போனா."

குற்றம் சொல்லவில்லை. மகளைப் பற்றிய பெருமையாகத்தான் சொன்னாள்.

வீட்டில் என் கணவர், "எந்தப் பிள்ள டீச்சர் பேச்சக் கேட்டு நடக்குது? சும்மா மனசப் போட்டு அலட்டிக்காத" என்றார். ஒரு பிள்ளை கேட்டதே!

பள்ளியில் தலைமை ஆசிரியை கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "பிள்ளைங்ககிட்ட ஜுரம்னு சொல்லியாச்சு. நீ எதையும் கிளறாதே. உன்னை யாரும் ஒண்ணும் கேக்கல." எனக்கும் அப்போது அதுதான் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டாவது பெஞ்சில் ஓர் இடம் காலி. மௌஷுமி கை தூக்கினாள். "மிஸ், இன்னிக்கு லைட் போஸ்ட் விளையாட்டு உண்டா?"

"கணக்கு நோட்ட எடுங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. விளையாட்டை நிறுத்தினேன். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, போஸ்ட்டைத் தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். முப்பத்தொன்பது பிள்ளைகளும் அந்தப் பாடத்தோடேயே நான்காம் வகுப்புக்குப் போனார்கள்.

இப்போது ரிட்டையராகி, கல்கத்தாவின் இன்னொரு கோடியில், சால்ட் லேக்கில் இருக்கிறேன். போன வாரம் ஒரு வேலையாக டாக்குரியா போனேன். நல்ல மழை, தெருவில் அதே முழங்கால் தண்ணீர்.

"மிஸ்! என்னைத் தெரியலையா? நான்தான் உங்க லைட் போஸ்ட்!"

மௌஷுமி. பக்கத்தில் மஞ்சள் ரெயின்கோட்டில் அவள் மகள், ஆறேழு வயதிருக்கும். "உங்க பாடத்த இவளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன் மிஸ். எங்க, மிஸ்ஸுக்குக் காட்டு..."

குழந்தை சிரித்துக்கொண்டே ஓரமாக நகர்ந்து போஸ்ட்டை நோக்கிக் கையை நீட்டியது. எப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. ரெயின்கோட்டைப் பிடித்து இழுத்ததில் குழந்தை தண்ணீரிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டது.

ஒரு மருந்துக்கடைப் படியில் நின்று மௌஷுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷம்பாவுக்கு வந்தது ஜுரம் இல்லை என்பது உட்பட. அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்போ ஏன் மிஸ் எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

இன்றைக்கு மழை வந்தாலே 'போஸ்ட்டைத் தொடாதே' என்று போனுக்குப் போன் வீடியோ வருகிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். ஆனால் ஏழெட்டு வயதில் சிரித்து விளையாடிக் கற்றது கையிலேயே தங்கிவிடுகிறது. எந்த வீடியோ வந்து அதை அழிக்கும்?

மீதி முப்பத்தெட்டுப் பேர் எங்கே இருக்கிறார்களோ. யார் யார் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களோ. அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்: தண்ணீர் நிற்கும்போது லைட் போஸ்ட்டைத் தொடாதீர்கள். மிஸ் சொல்லிக்கொடுத்தது தப்பு.

வங்காளத்தில் மூன்று தடவை ஆரம்பித்தேன். ஷம்பா பெயர் வரும் இடத்தில் மூன்று தடவையும் அழித்துவிட்டேன்.

கடைசியில் என் தாய்மொழியில், தமிழில் எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.