கட்டுப்பாடு என்றொரு சொல்

அம்மாவின் கட்டிலருகே இன்னமும் அந்தக் கறுப்பு வானொலிப் பெட்டி இருக்கிறது. எல்லா நிலையங்களையும் பிடிக்கும் சாதாரண வானொலி அல்ல அது. தமிழ் ஒலிபரப்பு ஒன்றை மட்டும் பிடிப்பதற்கென்று செய்து, மொன்றியலில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடைகளில் விற்ற பெட்டி. அந்த ஒலிபரப்பு நின்று பல வருடங்களாகிவிட்டன. இப்போது போட்டால் இரைச்சல் மட்டும்தான் வரும். என்றாலும் அம்மா அதைத் துடைத்து வைக்கத் தவறுவதில்லை. எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மனிதரின் குரல் கேட்கும்.

அவரை ஆய்வாளர் என்பார்கள். அரசியல் ஆய்வாளர். எதை ஆய்ந்தார், எங்கே ஆய்ந்தார் என்று யாரும் கேட்டதில்லை. பகலில் டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றுகிற வேலை. நானும் அங்கே பக்கத்தில்தான் விமானங்களுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பெட்டி ஏற்றும்போது அவர் மற்றவர்களைப் போல ஒரு மனிதர்தான். மாலையில் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பான நேயர்களே, வாஷிங்டன் சும்மா கதைக்காது" என்று தொடங்குவார். அமெரிக்கா இருமினாலும் அதற்கொரு உள்ளர்த்தம் கண்டுபிடித்துவிடுவார். வேலையிடத்தில் எல்லோரும் அவரை அண்ணை என்று கூப்பிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. எனக்கு அண்ணை என்று ஒருவர்தான் இருந்தார். அவர் அப்போது வன்னியில், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் குண்டுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் கிடந்தார்.

ஊரில் போரின் கடைசி மாதங்கள் அவை. இரு தரப்பும் 'றிஸ்ட்ரெயின்ற்' காட்ட வேண்டும் என்று அமெரிக்கா அறிக்கை விட்டது. கையை அடக்கிக்கொள், கொஞ்சம் பொறுத்துப் போ என்பதற்கு மேல் அந்த ஆங்கிலச் சொல்லில் ஒன்றுமில்லை. ஒன்றும் செய்வதில்லை என்று முடிவெடுத்தவர்கள் சொல்லும் சொல் அது. ஆய்வாளர் அதை "அமெரிக்கா அங்கே கட்டுப்பாட்டைக் கோருகிறது" என்று வாசித்தார். அகராதியைப் பார்த்தால் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் சனத்துக்குக் கட்டுப்பாடு என்றால் ஒரே அர்த்தம், நிலம் யார் கையில் என்பது. இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதி, இயக்கக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நிலத்தை அமெரிக்கா தன் கைக்குள் எடுக்கப் போகிறது என்றே அம்மா விளங்கிக்கொண்டார். அம்மா மட்டுமா? மறுநாள் வேலையில் எல்லோரும் அதையேதான் கதைத்தார்கள். மனிதர் அதோடாவது விட்டாரா? அமெரிக்கக் கப்பல் எந்தப் பக்கத்தால் வரும், எந்தக் கரையில் சனத்தை ஏற்றும் என்று நிகழ்ச்சி முடியும்வரை விளக்கம் வேறு. சொல் தவறியதை நான் என்றோ மன்னித்திருப்பேன். அந்தக் கப்பலை மன்னிக்கவே மாட்டேன்.

அந்தக் கிழமைதான் அண்ணை யாருடையதோ செய்மதித் தொலைபேசியில் எங்களுக்கு அழைப்பு எடுத்தார். பக்கத்துச் சனமெல்லாம் இராணுவப் பக்கம் போக வெளிக்கிடுகிறது, நாங்களும் போவதா இருப்பதா என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "இருக்கிற இடத்திலயே இரு ராசா. அமெரிக்கா கட்டுப்பாட்டுக்குள்ள எடுக்கப் போகுதாம். கப்பல் வருதாம்." அண்ணை இருந்தார். அதற்குப் பிறகு அந்த நால்வரில் ஒருவரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. போயிருந்தால் தப்பியிருப்பார்களா? தெரியாது. போனவர்களும் வழியில் செத்தார்கள். இதையெல்லாம் எத்தனையோ தடவை அம்மாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "நான்தானே இரு எண்டனான்" என்பார். அதற்கு மேல் பேச்சு நகராது.

இந்த வருடம் மொன்றியலுக்குப் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், கோயிலுக்குக் கிட்டே ஒரு மண்டபத்தில் விவாதம் வைத்தார்கள். அமெரிக்கா இனியாவது குண்டை விட்டுப் பேச்சுவார்த்தையை நம்ப வேண்டுமா என்பது தலைப்பு. தொலைக்காட்சியைத் திறந்தாலும் இப்போது இதே வாதம்தானே. பேச்சுவார்த்தைப் பக்கம் பேசப்போகிறவர் யார் என்று அறிவித்தலில் பார்த்தால், அதே ஆய்வாளர்! மண்டபத்தில் நேரே கண்டபோது தலை நரைத்திருந்தது, செருமல் அப்படியே இருந்தது. நான் போனது விவாதம் கேட்க அல்ல. அன்று சொன்னது பிழை என்று அந்த வாயால் ஒரு தடவை சொல்லவைத்து, அதை அம்மாவிடம் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே, அம்மாவுக்கும் சொல்லிவிட்டுப் போனேன்.

வல்லரசு ஊருக்கெல்லாம் காவல்காரன் வேலை பார்க்கக்கூடாது, நிதானம்தான் உயர்ந்த இராஜதந்திரம் என்று அவர் பொழிந்து தள்ளினார். எதிர்ப்பக்கம் பேசிய பல்கலைக்கழகப் பெண், "ஒருத்தரும் வராட்டி சாகிற சனம் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். என்னைக் கேட்டால் ஆய்வாளர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. அமெரிக்கக் குண்டுகளில் செத்தவர்களும் யாரோ ஒருத்தியின் அண்ணைமார்தான். அந்த நியாயம் அவர் வாயிலிருந்து வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

"ஐயா, றிஸ்ட்ரெயின்ற் எண்டதுக்குத் தமிழில என்ன?"

"நிதானம், தங்கச்சி."

"அண்டைக்கு வானொலியில கட்டுப்பாடு எண்டனீங்கள். கப்பல் வருமெண்டும் சொன்னனீங்கள். அதை நம்பித்தான் எங்கட அம்மா அண்ணையை அங்கயே இருக்கச் சொன்னவ."

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். "தங்கச்சி, உணர்ச்சிவசப்படாதேங்கோ. நிதானமாக் கதைப்பம். சனம் பிழையா விளங்கினால் அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார். அந்த நிதானத்தையே எடுத்து என் மேல் எறிந்துவிட்டு, அடுத்த கேள்விக்குக் கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு காத்திருந்தார். "அவர் என்ன சொன்னவர்?"

"பிழை தன்னிலதானாம் அம்மா. உங்களில ஒரு பிழையும் இல்லையாம்." அந்த மனிதரை நல்லவராக்க நான் பொய் சொல்ல வேண்டி வந்ததே!

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "வானொலியிலயோ சொன்னவர்?"

"இல்லை, மண்டபத்தில."

அம்மா கையை நீட்டி அந்தக் கறுப்புப் பெட்டியைப் போட்டார். இரைச்சல் வந்தது. "அண்டைக்கு இதிலதானே சொன்னவர். இதிலயே சொல்லச் சொல்லு, நான் கேக்கிறன்" என்று சத்தத்தைக் கூட்டிவைத்தார்.