கடைசி வரியும் கோகோ மைதானமும்

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘பத்தியைப் படித்து விடையளி’ பகுதியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். அந்தப் பயிற்சிக்கான சுற்றறிக்கையைப் படிக்காமல் போனவன் நான்.

வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ஏழெட்டு வரி இருக்கும். முதல் வரியிலேயே ‘காக்களூர்’ என்று இருந்தது. இது போதுமே என்று போனைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் கும்மிடிப்பூண்டியில் பஸ் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறி, இஸ்திரிச் சட்டை கசங்கக் கூடாது என்று காலி சீட் இருந்தும் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூட கேட் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து வாட்ச்மேன் வந்தார்.

“இன்னா சார் வோணும்?”

“ட்ரெயினிங்குக்கு வந்திருக்கேன். கேட்டைத் திறங்க.”

“இன்னிக்கு இங்க ஒண்ணும் இல்லியே சார்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுற்றறிக்கையை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினேன். அவர் போனை வாங்கிக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். எல்லா வரியையும் படித்தார்.

“கடசி வரில, நிர்வாகக் காரணத்தால கும்மிடிப்பூண்டிக்கு மாத்தப்பட்டுள்ளதுன்னு போட்டுக்கிதே சார். நீங்க எங்கேர்ந்து வரீங்க?”

“கும்மிடிப்பூண்டியிலேர்ந்து.”

நல்ல மனிதர், சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் இருமினார்.

மாற்றிய இடம் எது தெரியுமா? என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அந்தப் பள்ளியின் கொடிக்கம்பம் தெரியும். திரும்பி வந்து சேர்ந்தபோது மத்தியானத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயிற்சியில் நான் முழுதாக உள்வாங்கியது இரண்டு பிஸ்கட்.

2. விரல் முறை

அந்தப் பயிற்சிக்கு என்னை ஏன் அனுப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்களுடையது தொழிற்பேட்டையை ஒட்டிய நடுநிலைப் பள்ளி. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் நெல் வயல். மீதிப் பேர் வீட்டில் ஷிப்ட் வேலை. சிலர் அப்பாவை ‘அப்பா’ என்பார்கள், சிலர் ‘நைனா’ என்பார்கள். என்னை நேரில் ‘தமிழ் சார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதை இங்கே எழுத முடியாது.

எட்டாம் வகுப்புக்கு மாநில அளவில் அடைவுத் தேர்வு வரவிருந்தது. அதற்கு முன்னால் வட்டார அளவில் பயிற்சித் தேர்வுகள். எல்லாம் ஓ.எம்.ஆர். தாள், வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். பத்திப் பகுதிக்கென்று நானே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். கேள்வியில் உள்ள சொல், பத்தியில் முதலில் எங்கே வருகிறதோ அங்கே விரலை வை. விரல் பக்கத்தில் விடை இருக்கும். இதற்கு ‘விரல் முறை’ என்று பெயர் வைத்து, சார்ட் பேப்பரில் ஒரு விரலையும் வரைந்து ஒட்டினேன். பார்த்தவர்களெல்லாம் கத்தரிக்காய் என்றார்கள்.

முதல் பயிற்சித் தேர்வில் வந்த பத்தியில் முருகேசன் என்று ஒருவன். பால் வண்டியில் சந்தைக்குப் போக நினைக்கிறான். வண்டி வரவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் பைக் கேட்கிறான், அதில் பெட்ரோல் இல்லை. கடைசியில் நடந்தே போகிறான். முருகேசன் சந்தைக்கு எப்படிப் போனான் என்பது கேள்வி. ‘சந்தை’ என்ற சொல்லைத் தேடி விரலை வைத்த என் பிள்ளைகள் மொத்தமாக முருகேசனைப் பால் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஐந்து பத்தியிலும் இதே கதை. பத்திப் பகுதியில் வட்டாரத்திலேயே கடைசி இடம் எங்களுக்கு. அதனால்தான் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

தலைமையாசிரியர் கோமளவல்லி மேடம் திருவள்ளூர்க்காரர். சத்தம் போட மாட்டார். அதுதான் பயம்.

“சார், நாளையிலேர்ந்து நாலு மணிக்கு மேல கிரவுண்டு கிடையாது. எட்டாவது மொத்தமும் ஸ்பெஷல் கிளாஸ்ல உக்காரணும்.”

“மேடம், கோகோ பொண்ணுங்களுக்கு மாவட்டப் போட்டி வருது. தினம் சாயங்காலம் ஆடினாத்தான்...”

“தெரியும். மீட்டிங்ல கடைசி ஸ்கூல் யாருன்னு கேட்டப்ப எழுந்து நின்னது நான். நீங்க இல்ல.”

அப்புறம் அவரே சொன்னார்.

“அடுத்த பயிற்சித் தேர்வுல, பத்திப் பகுதியில பாதிப் பேராவது பாஸ் பண்ணட்டும். ரிசல்ட் வர்ற அன்னைக்கே கிரவுண்டைத் திறந்துவிடறேன். இல்லைன்னா வருஷ முடிவு வரைக்கும் கிளாஸ்தான்.”

அடுத்த தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. மாவட்டப் போட்டி அதற்கு அடுத்த பத்து நாளில். எங்கள் கோகோ அணியின் ஒன்பது பெண்களும் எட்டாம் வகுப்புதான். அதுவரை எங்கள் பள்ளி மாவட்டப் போட்டியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னதும் அணித்தலைவி சுகன்யா என்னையும் சார்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க வெரல நம்பி வச்சோம் சார். நாங்க அவுட்டு.”

3. காக்களூர்ப் பத்தி

பயிற்சிக்குப் போய் வந்த மறுநாள் மேடம் கேட்டார், “என்ன சொல்லிக்குடுத்தாங்க?” பிஸ்கட் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியுமா? “புது உத்தி மேடம், கிளாஸ்ல செஞ்சு காட்டறேன்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

கையில் எந்த உத்தியும் இல்லை. போனில் இருந்த சுற்றறிக்கைதான் இருந்தது. அதை வரி விடாமல் போர்டில் எழுதினேன். நான் அதை முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான். கீழே கேள்வி எழுதினேன். ஆசிரியர் தவறான ஊருக்குப் போனதற்குக் காரணம் என்ன? அ) பஸ் தாமதம். ஆ) மழை. இ) கடைசி வரை படிக்கவில்லை. ஈ) வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகப் படித்தது. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து சிரிப்பு கிளம்பி முன்னால் வந்தது.

“சார், அது நீங்களா சார்?” என்றான் தினேஷ்.

“நான்தான்.”

“நீங்களும் எங்கள மாதிரி மொத ஸ்டாப்புலயே எறங்கிட்டீங்களே சார்.”

ஒருவர்கூடத் தப்பாக எழுதவில்லை. அத்தனை பேரும் ‘இ’. சுகன்யா மட்டும் சிரிக்காமல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இது கோகோதான் சார்.”

“எப்படி?”

“தொரத்தறப்போ எதிர் டீம் பொண்ணு லெஃப்ட்ல போற மாதிரி தோளைக் காட்டுவா சார். அத்த நம்பி நாம கெளம்பிட்டா அப்பால திரும்ப முடியாது, ஃபவுலு. அவ ரைட்ல போய்க்கினே இருப்பா. தோளப் பாக்கக் கூடாது, கால் எங்க நிக்குதுன்னு பாக்கணும். முருகேசனும் மொதல்ல பால் வண்டின்னு தோளைக் காட்டிட்டான்.”

இருபத்து மூன்று வருட சர்வீஸில் நான் சொல்ல முடியாமல் இருந்ததை அவள் கை காலை ஆட்டி அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். நான் சார்ட்டைக் கழற்றினேன். கத்தரிக்காய்க்குக் கைதட்டி விடை கொடுத்தார்கள்.

4. சாரை மாட்டிவிடும் பத்தி

அன்றிலிருந்து ஸ்பெஷல் கிளாஸில் கேள்வி கேட்பது நான் இல்லை. நாலு பேர் ஒரு குழு. ஆறு வரியில் ஒரு பத்தி, ஒரு கேள்வி, நாலு விடை அவர்கள் எழுத வேண்டும். நாலில் ஒன்று சரியான விடை. ஒன்று தூண்டில். தூண்டில் என்றால், பத்திக்குள் இருக்கிற விஷயமாக இருக்க வேண்டும், ஆனால் கேட்ட கேள்விக்கு விடையாக இருக்கக் கூடாது. நான் எல்லார் முன்னாலும் நின்று ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். மாட்டினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

முதல் நாள் தினேஷ் குழு. அவன் நைனா ஒரு கம்பி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆலை நோட்டீஸ் போர்டில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தான். பி ஷிப்ட் ஆட்கள் பகல் இரண்டு மணிக்கு வர வேண்டும். தாமதமாக வந்தால் கேட் திறக்கப்படாது. கம்பெனி பஸ் ஒன்றரைக்குக் கிளம்பும். மின்பராமரிப்பு காரணமாகப் புதன்கிழமை மட்டும் பி ஷிப்ட்டும் ஏ ஷிப்ட்டோடு காலை ஆறு மணிக்கு. கேள்வி: செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்த பி ஷிப்ட் தொழிலாளி மறுநாள் எத்தனை மணிக்கு கேட்டில் இருக்க வேண்டும்?

“ரெண்டு மணி” என்றேன், கம்பீரமாக.

“கேட்டு மூடி எட்டு மணி நேரம் ஆயிட்ச்சு சார். ஓடுங்க.”

ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதிச் சுற்று வரும்போது வராந்தாவில் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

“கிரவுண்டு கிடையாதுன்னு சொல்லியிருந்தேனே சார்.”

“எட்டாவது பசங்களுக்குத்தானே மேடம் சொன்னீங்க. வாசகத்தைக் கவனமாப் பார்த்துட்டுத்தான் ஓடறேன்.”

அவர் சிரித்தாரா என்று தெரியாது. வருகைப் பதிவேடு முகத்துக்கு நேராக உயர்ந்தது.

முதல் வாரம் முழுக்க ஓடினேன். பேண்ட் போட்டு ஓட முடியாது என்றுதான் முதல் நாளே வேட்டியில் வந்திருந்தேன். ஆனால் நடந்த விஷயம் வேறு. என்னை மாட்டிவிட வேண்டும் என்றால் அவர்கள் தங்கள் பத்தியைப் பத்து தடவை படிக்க வேண்டியிருந்தது. கேஸ் சிலிண்டர் ரசீது, ரேஷன் கடை அறிவிப்பு, பூச்சிமருந்து டப்பாவில் ஒட்டிய தாள் என்று ஊரில் எழுத்து இருக்கிற எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் வகுப்புக்குள் நுழையும்போது இரண்டு பெண்களுக்குள் சண்டை.

“இது தூண்டில் இல்லடி. இது சும்மா தப்பு. பத்திலயே இல்லாத ஊர எழுதினா சார் எப்பிடி மாட்டுவாரு?”

“அவருதான் காக்களூருக்கே போனாரே, எல்லாத்துக்கும் மாட்டுவாரு.”

நான் வெளியே வந்து சிறிது நேரம் கழித்து நுழைந்தேன். அந்தச் சண்டையில் இருந்தது நான் இத்தனை வருடம் எழுதிய பாடக்குறிப்பு எதிலும் இல்லை.

மூன்றாவது வாரம் நானும் தேறிவிட்டேன். ஒரு நாள் ஐந்துக்கு நாலு சரி. பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம்.

5. பின்பக்கம்

தேர்வு அன்று எங்கள் வகுப்புக்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியை மேற்பார்வைக்கு வந்தார். என் வகுப்பு என்பதால் நான் வராந்தாவோடு சரி. ஜன்னல் திறந்திருந்தது.

“எல்லாரும் ஒண்ணுலேர்ந்து வரிசையா முன்பக்கத்துலயே மார்க் பண்ணிக்கினு வாங்க” என்றார்.

சுகன்யா எழுந்தாள்.

“மிஸ், பத்திக்கு மட்டும் பின்பக்கம்னு போட்டுக்கிது.”

“எங்க போட்டிருக்கு? உக்காரு.”

“கேள்வித்தாள் அட்டைல, கடசி வரில மிஸ்.”

அவள் உட்காரவில்லை. தினேஷும் எழுந்தான். அப்புறம் ஒவ்வொருவராக மொத்த வகுப்பும் நின்றது. ஆசிரியை அட்டையைத் திருப்பிப் பார்த்தார், ஓ.எம்.ஆர். தாளைத் திருப்பிப் பார்த்தார். “ஆமா, சரிதான். பத்திக்கு எல்லாரும் பின்பக்கம் போடுங்க” என்றார். முன்பக்கமே போட்டிருந்தால் மூன்று வார ஓட்டமும் போச்சு, மைதானமும் போச்சு.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பாதிப் பேராவது என்று மேடம் கேட்டிருந்தார். எங்கள் வகுப்பில் பத்திப் பகுதியில் மூன்று பேரைத் தவிர எல்லாரும் பாஸ். கடைசி இடத்திலிருந்து வட்டாரத்தில் முதல் இடம். அந்த மூன்று பேரும் மாநிலத் தேர்வில் தேறிவிட்டார்கள். கோகோ அணி என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாவட்டக் கோப்பை மேடம் அறை அலமாரியில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை அவரே துடைக்கிறார்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குறுக்குவழி சொல்லிக்கொடுத்தபோது பிள்ளைகள் என் விரலைப் பார்த்தார்கள். என்னைக் கவிழ்க்கச் சொன்னபோதுதான் பத்தியைப் பார்த்தார்கள். நீங்கள் கவிழத் தயாராக இருங்கள். ஓடுவதற்கு வேட்டி வசதி.

அந்த வெள்ளிக்கிழமையை முடித்துவிடுகிறேன். மூன்றரை மணிக்கு மேடம் ஆசிரியர் குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டார். முதல் வரியிலேயே ‘தமிழாசிரியருக்குப் பாராட்டுகள்’ என்று இருந்தது. என் கண் கலங்கிவிட்டது. அந்த வரியை மட்டும் என் மனைவிக்கும், மச்சானுக்கும், பழைய சினேகிதர்கள் எட்டுப் பேருக்கும் அனுப்பி வைத்தேன். அதே செய்தியை மேடம் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருந்தார். பிள்ளைகள் அதன் முன்னால் கூட்டமாக நின்று படித்தார்கள்.

நாலு மணி பெல் அடித்ததும் ஒன்பது பெண்களும் என்னைத் தாண்டி மைதானத்துக்கு ஓடினார்கள். கத்திக் கூப்பிட்டும் ஒருத்தி திரும்பவில்லை. சுகன்யா மட்டும் ஓடிக்கொண்டே ஒரு விசிலை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பதறிவிட்டது. அனுமதி இல்லாமல் இறங்கிவிட்டார்களே, ஜெயித்த நாளிலேயே பேஜாரா என்று நேராக மேடம் அறைக்கு ஓடினேன்.

“மேடம், பசங்க கேக்காம இறங்கிட்டாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. கிரவுண்டை எப்ப திறந்துவிடறீங்கன்னு சொன்னா, அதுவரைக்கும் நான் அவங்களைப் பிடிச்சு வெக்கறேன். விசில் வேற எதுக்கோ என் கையில குடுத்துட்டுப் போயிருக்காங்க.”

மேடம் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“கடைசி வரியைப் படிங்க சார்.”