ஒரு மீட்டர் துளையும் தேங்காய்த் தண்ணீரும்

போன தை மாதம் மூன்று நாள் லீவு போட்டுக்கொண்டு தஞ்சாவூர் போனேன். கோயில் பார்க்க அல்ல, தங்கை கவிதாவுக்குத் துணையாக. தரைக்கடியில் இருக்கும் பாறை இப்போது எந்தப் பக்கமாக, எவ்வளவு நெருக்கப்படுகிறது என்று அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதலில் கேட்டபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

திருவையாற்றுப் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான். பாறை வேண்டுமென்றால் தெற்கே, புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். காலை ஆறரைக்குக் கிளம்பி, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, நாற்பது கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தோம். கார் வாடகை நாளுக்கு 2,800 ரூபாய். போய்ச் சேர்ந்த இடம் வேலை நின்றுபோன ஒரு கல்குவாரி.

பாறையில் ஒரு மீட்டர் துளை போட்டு, அடியைச் சமமாக்கி, துளி ஈரமோ பிசுக்கோ இல்லாமல் துடைத்து, காசு அளவு சென்சாரை ஒட்ட வேண்டும். மறுநாள் அதைச் சுற்றி வெட்டினால், நெருக்கத்திலிருந்து விடுபட்ட கல் மயிரிழை அளவு விரியும். அந்த விரிவுதான் கணக்கு. கவிதாவிடம் இருந்த மூன்று சென்சார்களில் இரண்டு சரியாக ஒட்டாமல் முன்பே வீணாகியிருந்தன. இதுவும் போனால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு.

துளை போட வந்தவர் போர்வெல்காரர் செல்வராஜ். துளையைத் துடைத்துக் காயவைத்துவிட்டு நாங்கள் டீ குடித்து வந்தோம். கவிதா பசை கலக்க உட்கார்ந்ததும் அவர் தலையைச் சொறிந்தார்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். காலைல பூஜை போட மறந்துட்டேன். நீங்க டீக்குப் போனப்ப தேங்கா உடைச்சுத் தண்ணிய உள்ள ஊத்திட்டேன். அப்புறம் துணிய விட்டுத் துடைச்சுட்டேன்.”

“உங்களுக்குப் புத்தி இருக்கா? அவ படுற பாடு தெரியுமா?” என்று நான் கத்திவிட்டேன். கவிதா பசையைக் கீழே வைத்தாள்.

“விடுக்கா. அண்ணே, இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் தேய்ச்சு எடுக்க முடியுமா?”

சாயங்காலம் ஆறு வரை மனுஷர் குனிந்த தலை நிமிரவில்லை. அதன் பிறகுதான் கவிதா சென்சாரை ஒட்டினாள். மறுநாள் பதினொரு மணிக்குக் கல் வெளியே வந்தது. மீட்டரில் எண்கள் ஏறின. கவிதா அப்படியே பாறையில் உட்கார்ந்து அழுதாள்.

“என்ன மேடம், மறுபடி போச்சா?”

“இல்லண்ணே. கல்லு விரிஞ்சிருக்கு.”

குவாரிக்குப் போகிறவர்கள் உரிமையாளரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். நிழல் கிடையாது, தொப்பியும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் வேண்டும். பூஜையை வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள்.

திரும்பும்போது காரில் கேட்டேன், செல்வராஜ் தேங்காய் விஷயத்தைச் சொல்லாமலே இருந்திருந்தால்?

“அரைகுறையா ஒட்டியிருக்கும். அளவு கம்மியாக் காட்டியிருக்கும். இந்தப் பாறைல நெருக்கமே இல்லன்னு நானும் எழுதியிருப்பேன். தப்புன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா.”

அந்த மனுஷரைத்தான் நான் புத்தி இருக்கா என்று கேட்டேன்.