மைனர் யாழினி ஆஜர்!

போன செவ்வாய்க்கிழமை எங்கள் திருவண்ணாமலை கோர்ட்டில் என் மகளின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள்.

"மைனர் யாழினி... மைனர் யாழினி... மைனர் யாழினி!"

யாழினிக்கு ஏழு வயது. அந்த நேரத்தில் அவள் செங்கம் ரோட்டில் இருக்கிற பள்ளியில் ஐந்தாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். யாழினியின் அப்பாவும் நானும் பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. குழந்தைக்கு மாதாமாதம் இவ்வளவு தர வேண்டும் என்று அப்போது கோர்ட் ஒரு தொகை சொன்னது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது சரியாக இருந்தது. போன வருடம் அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. தினமும் நான்கு இன்சுலின் ஊசி. விரலில் குத்தி ரத்தம் பார்க்கிற ஸ்ட்ரிப், ஒரு நாளைக்கு ஏழு வேண்டும் என்றார் டாக்டர். செலவு தாங்காமல் நான் நான்கோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். மீதி மூன்று வேளையும் அவள் முகத்தைப் பார்த்து ஊகிப்பதுதான்.

ஊகம் என்பது என் தொழிலில் கெட்ட வார்த்தை. நான் சாப்ட்வேர் டெஸ்டர்.

அதனால்தான் ஜீவனாம்சத்தை உயர்த்தக் கேட்டு மனு. பழைய வக்கீல் சென்னைக்குப் போய்விட்டார். புதிதாக ஒருவரைப் பிடித்தால் அவருக்குக் கொடுக்கிற ஃபீஸில் பல மாதத்துக்கான ஸ்ட்ரிப் வாங்கிவிடலாம். நானே வாதாடினால் என்ன?

பட்டியல் போடாமல் காய்கறிக் கடைக்குக்கூடப் போகாதவள் நான் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். கோர்ட்டுக்கும் ஒன்று போட்டேன். பழைய உத்தரவின் நகல், டாக்டர் சர்டிபிகேட், தேதிவாரியாக மருந்துக்கடை பில்கள், மூன்று செட் ஜெராக்ஸ், இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில்... மொத்தம் இருபத்திரண்டு ஐட்டம். எல்லாவற்றுக்கும் டிக்.

குழந்தை அந்தப் பட்டியலில் இல்லை.

மனு யாழினியின் பெயரில்தான் இருக்கிறது. அவள் சார்பில் கையெழுத்துப் போட்ட தாய் நான். இது எனக்குத் தெரியாதா? நான்தானே டைப் செய்தேன்! ஆனாலும் டவாலி — வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற கோர்ட் ஊழியர் — அந்தக் குரலில் கூப்பிட்டதும் எனக்கு மூளை நின்றுவிட்டது. குழந்தையை நேரில் கொண்டுவர வேண்டுமோ?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா வேறொரு கேஸுக்காகப் போளூர் பக்கமிருந்து வந்தவர். அவரும் சேர்ந்து பதறினார். "அய்யய்யோ, புள்ளைய இட்டாரலயா நீ? ஓடு, ஓடு!"

ஓடினேன்.

"இன்னிக்கு பௌர்ணமி இல்லக்கா, ரோடு காலி. அஞ்சே நிமிஷம்" என்றார் ஆட்டோக்காரர். பள்ளியில் லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்து, யூனிஃபார்மும் புத்தகப் பையுமாக யாழினியை அள்ளிக்கொண்டு திரும்பினேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "உன் கேஸ தள்ளி வச்சிக்கிறாங்க. புள்ளைய இட்டார போயிருக்குதுன்னு நான்தான் உள்ள போயி சொன்னேன். அந்த கிளார்க்கு சிரிக்கிறாரு. இன்னாத்துக்கு சிரிக்கிறாருன்னுதான் தெரியல."

கிளார்க்கே சொன்னார். "ஏம்மா, மைனர்னு கூப்ட்டா அம்மா நீங்க 'ஆஜர்'னு சொல்லிட்டு உள்ள வரணும், அவ்ளோதான். கொழந்தைய யாரு கேட்டா? மதியானத்துக்கு மேல திரும்பக் கூப்புடுவாங்க. இருங்க."

நன்றாகத் தயார் செய்துகொண்டு போகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரிடமும் எதையும் கேட்க மாட்டோம். இருபத்திரண்டு டிக் போட்டேனே... "கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும்?" என்று ஒரே ஒரு வரி கேட்டிருக்கக் கூடாதா?

பன்னிரண்டரை. சாப்பாட்டு வேளை. வராந்தா பெஞ்சில் யாழினி தன் சின்னப் பையைத் திறந்து, தானே விரலில் குத்தி, மீட்டரைப் பார்த்து, "நூத்தி நாப்பதும்மா" என்றாள். நான் ஊசி போட்டேன்.

பத்தடி தள்ளி, தன் வக்கீலோடு அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறார். மருத்துவச் செலவை நான் மிகைப்படுத்துவதாகத் தன் பதில் மனுவில் சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை மகளைப் பார்ப்பார். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி வேளை ஒருமுறைகூட வந்ததில்லை.

கிட்டே வந்தார்.

"வலிக்கலயாடா?"

"வலிக்கும்ப்பா. நீ வேணா குத்திப் பாக்கறியா? புது ஊசி இருக்குது."

விரலை நீட்டினார். "ஸ்ஸ்..." என்று கையை இழுத்துக்கொண்டார். (ஸ்ட்ரிப் செலவழிக்கவில்லை. குத்தல் மட்டும்தான்.)

"பெரியவங்களுக்குத்தான் ஜாஸ்தி வலிக்குது போல" என்றாள் யாழினி, டிபன் பாக்ஸைத் திறந்தபடி.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி இது?"

"ஏழு வாட்டி பாக்கணுங்க. நாலு வாட்டிதான் பாக்கறோம்."

அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் மறுபடி கூப்பிட்டார்கள். முதல் அழைப்பிலேயே "ஆஜர்!" என்று நான் கத்திய கத்தலில் இரண்டு வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீதிபதி அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். "ஸ்கூல் நாள்ல குழந்தைய ஏம்மா கூட்டிட்டு வந்தீங்க?"

"பேர் சொல்லிக் கூப்ட்டாங்க மேடம்..."

கோர்ட்டே சிரித்தது. அவரும்தான். "இலவச சட்ட உதவில ஒரு வக்கீல் கேட்டிருக்கலாமே? குழந்தைக்கு ஒரு நாள் லீவாவது மிச்சமாயிருக்கும்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "மேடம், எங்க கட்சிக்காரருக்கு வருமானம் ரொம்பக் கம்மி..." என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து கட்சிக்காரர் அவருடைய கறுப்பு கவுனைப் பிடித்து இழுத்தார். குனிந்து ஏதோ சொன்னார். வக்கீலின் முகம் மாறியது.

"நீங்களே சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"ஸ்ட்ரிப்பு, ஊசி, மருந்து... எல்லாத்தையும் நான் வாங்கிக் குடுத்துர்றேங்க. மாசத் தொகைய கொஞ்சம்தான் ஏத்த முடியும். கடையில யாவாரம் அப்படி."

"உங்களுக்குச் சம்மதமாம்மா?"

பேசுவதற்கு நான் தயார் செய்து வைத்திருந்தது ஆறு பக்கம். அதில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. "சம்மதம் மேடம்" என்று இரண்டே வார்த்தை சொன்னேன். அப்படியே உத்தரவில் பதிவானது. கேட்ட தொகை முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் இனிமேல் ஒரு நாளைக்கு ஏழு ஸ்ட்ரிப்.

வெளியே கேட் அருகில் அவர் தயங்கி நின்றார்.

"ஞாயித்துக்கெழம... மூணு மணிக்கு பதிலா மதிய சாப்பாட்டு நேரத்துக்கு வரட்டுமா? ஊசி போடக் கத்துக்கணும்."

இதை நான் மனுவில் கேட்கவே இல்லை.