எக்காளத்தில் இருந்த பெயர்

திருப்பதியில் எனக்குப் பித்தளைப் பாத்திரக்கடை. விளக்கு, குடம், சொம்பு எதைக் கொடுத்தாலும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கித் தருவேன். என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு திமிர் உண்டு. அது இறங்கிய கதை இது. சொல்லவே கூசுகிறது.

சத்தியவேட்டிலிருந்து பஸ் பிடித்து ஓர் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர். தெலுங்கில் ஆரம்பித்து, என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். பையிலிருந்து ஓர் எக்காளத்தை எடுத்து வைத்தார்.

"எங்க நைனாவுது தம்பி. பட்டாளத்துல குதிரை மேல குந்திக்கினு ஊதினது. கறுத்துப்போய் கீது, தேச்சுக் குடு."

அவர் போனதும் அவருடைய அப்பாவின் எக்காளத்தை மடியில் வைத்துக்கொண்டு மற்ற வேலையை மறந்தேன். விரலால் அழுத்த ஒரு கட்டைகூடக் கிடையாது. சுரமெல்லாம் உதட்டிலும் மூச்சிலும்தான். குதிரையில் போகிறவருக்கு ஒரு கையில் கடிவாளம் இருக்குமே, மற்றக் கையால் பிடிக்க வசதியாக நீளக் குழாயை மடித்து அடக்கியிருந்தார்கள். வளைவில் ஒரு சுருக்கம் இல்லை. விரிந்த முனையில் தகட்டின் ஓரங்களைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பற்றவைத்து, வெற்றிலை கனத்துக்குத் தட்டியிருந்தார்கள். செய்தவன் கையைக் கும்பிடலாம்.

புளி போட்டுக் கறுப்பை எடுத்ததும் அந்த முனையில் ஒரு பெயர் தெரிந்தது. ஆணியால் கீறிய தமிழ் எழுத்து, கோணல்மாணலாக. இவ்வளவு நல்ல வேலையில் எவன் கிறுக்கினான் என்று எனக்குக் கோபமே வந்தது. பழைய பாத்திரம் கைமாறும்போது அதில் வெட்டிய பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு விற்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். கை அந்தப் பழக்கத்திலேயே போனது. பாலிஷ் மிஷினில் பிடித்தேன், இரண்டு நிமிஷத்தில் பெயர் போய்விட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் நம்பர் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

மறு வாரம் வந்தவருக்குப் பளபளப்பைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிறகு முனையைச் சுற்றி விரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இங்க நைனா பேரு இருக்குமே தம்பி? அவரு கையால எழுதினது. சின்னப் புள்ளையில பாத்திருக்கேன். அவரு போட்டோகூட எங்ககிட்ட இல்ல."

உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்திருக்க வேண்டும். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் தலைகுனிய எனக்கு மனசு வரவில்லை.

"பேரா? அப்படி ஒண்ணும் இல்லியேம்மா" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. எக்காளத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு எங்க அண்ணன் சொல்லிக்கினே இருப்பாரு. நான்தான் சண்டை போடுவேன். அவராண்ட காட்டத்தான் தேய்க்கக் குடுத்தேன். அவரு சொல்றதுதான் நெசம் போல கீது, இல்ல தம்பி?"

பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார்.

"அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன்.